வெளியூர்ப் பெண்களோடு ஒரே லைனில்: கேள்வி பதில்

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் இருபது வருடம் ஸ்டிச்சிங்கில் இருந்தவள் நான். கடைசி ஆறு வருடம் சூப்பர்வைசர். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில்.

ஒடிசாவிலிருந்து எட்டுப் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். எது ரிஜெக்ட் ஆனாலும் பழி அவர்கள் மேல்தான். என்ன செய்வது? (லைன் லீடர், ஆம்பூர்)

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். ஒருமுறை அறுபது ஜோடி அப்பர் (ஷூவின் மேல்பாகம்) திரும்பி வந்தது. தையல் விட்டுவிட்டு விழுந்திருந்தது. மணிப்பூரிலிருந்து வந்து மூன்றே வாரமான பெண்ணை லைனில் எல்லார் எதிரிலும் திட்டினேன். அவள் வாயே திறக்கவில்லை. மதியம் என் கையைப் பிடித்துப் பக்கத்து மெஷினுக்கு இழுத்துப்போய் ஊசியைக் காட்டினாள். முனை மழுங்கியிருந்தது. மெஷின் யாருடையது? பதினைந்து வருடமாக என்னோடு இருக்கும் நம்ம ஊர் அக்காவுடையது.

திட்டினது எல்லார் எதிரில். அதனால் மன்னிப்பும் அங்கேயே கேட்டேன். அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. போகட்டும். அப்புறம் ஒவ்வொரு பண்டிலிலும் தைத்தவரின் டோக்கன் நம்பரைச் சில்வர் பேனாவால் உள்பக்கம் எழுத வைத்தேன். ரிஜெக்ட் வந்தால் எல்லாரும் முதலில் நம்பரைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த மணிப்பூர்ப் பெண் என்னிடம் தானாக வந்து பேசியதும் அதற்குப் பிறகுதான்.

மிசோரம் தோழியை வார்டில் 'சீனாக்காரி' என்கிறார்கள். விளையாட்டுக்குத்தானே, விடு என்கிறார் சீனியர். (செவிலியர், வேலூர்)

2014 ஜனவரியில் டெல்லியில் அருணாச்சல மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறு அவர் உயிரிழப்பில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் வடகிழக்கு மக்கள் படும் பாட்டை ஆராய மத்திய அரசு பெஸ்பருவா குழுவை அமைத்தது. சீனியரிடம் இதைச் சொல்லுங்கள்.

வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருபவர்களுக்காக லாட்ஜ் பலகையை வங்காள எழுத்தில் எழுதிவைக்கிற ஊர் நம்முடையது. பணம் தருகிறவருக்காக எழுத்தையே கற்றுக்கொண்டோம், கூட வேலை செய்கிறவளின் பெயரைக் கற்க முடியாதா? அடுத்த முறை யாராவது அப்படிக் கூப்பிட்டால், பதிலை அவள் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். "அவங்களுக்குப் பேர் இருக்கு" என்று நீங்களே தமிழில் சொல்லி, பெயரையும் சொல்லுங்கள். புகார் எழுதுவதென்றால் மட்டும் முதலில் அவளைக் கேளுங்கள்.

தங்களுக்குள் பேசிச் சிரிக்கிறார்கள். எங்களைப் பற்றித்தானோ? (பேரணாம்பட்டு)

இருக்கலாம். நாம் அவர்களைப் பற்றிப் பேசிச் சிரிக்கவே இல்லையா?

எல்லாருக்கும் பிரியாணி போட்டு ஒன்றாக உட்காரவைத்தால் சரியாகுமா? (ராணிப்பேட்டை)

போடுங்கள், யார் வேண்டாம் என்பார்கள்! ஆனால் மறுநாள் ஓவர்டைம் பட்டியலில் நம்ம ஊர்ப் பெயர்கள் மட்டுமே இருந்தால் பிரியாணிக் காசு வீண்.

மேஸ்திரி ஒருவர் வெளியூர்ப் பெண்களிடம் தவறாக நடக்கிறார். எங்களிடம் சொல்லவே பயப்படுகிறார்கள். (வாணியம்பாடி)

வேலையிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை தருவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். தலைமை ஒரு பெண். உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுத்து உதவுவது குழுவின் கடமை. உங்கள் நோட்டீஸ் போர்டில் இதெல்லாம் தமிழில் மட்டும் இருந்தால் இந்தியிலும் ஒடியாவிலும் ஒட்டச் சொல்லுங்கள். அந்தப் பெண் புகார் தரப் போகும் நாளில் நீங்களும் கூடப் போங்கள். அதற்காக அரை நாள் சம்பளம் பிடித்தால் எனக்கு எழுதுங்கள்.