நார்மாகிட்ட யாருமே நெஜத்தை சொல்லல

அன்புள்ள சார்,

நீங்க அடிக்கடி சொல்றீங்களேன்னு போன ஞாயித்துக்கிழமை 'சன்செட் பவுல்வர்ட்' பார்த்தோம், அதான் ஊமைப் பட காலத்து நடிகை நார்மா மறுபடி நடிக்க ஆசைப்படறதையும், அவங்க சுட்டுக் கொன்ன ஜோவே கதை சொல்றதையும் வச்சு எடுத்த அந்த 1950 ஹாலிவுட் படம். நான், வீட்டுக்காரர், தங்கச்சி, மாமியார். முடிஞ்சதும் ஒரு மணி நேரம் சண்டை. செத்தவன் கதை சொல்றதெல்லாம் ஏமாத்து வேலைன்னு இவர் சொல்றார். தங்கச்சி என்னடான்னா அந்தம்மா கண்ணை உருட்டியே படத்தை ஓட்டிட்டாங்க, ஒரே ஓவர் ஆக்டிங்னு சிரிக்கிறா. மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது, நாங்கதான் அப்பப்போ கதை சொல்லிட்டே வந்தோம், ஆனா கடைசில கண்ணைத் தொடைச்சது அவங்க மட்டும்தான். "பாவம்டி அந்த மொட்டத்தலை டிரைவர்"னாங்க. எனக்கு வந்தது கோவம். 50 வயசுப் பொம்பளை ஒருத்தி ஆசைப்பட்டா அவளைப் பைத்தியமாத்தான் காட்டணுமா? எனக்கு 48 சார். நீங்க எந்தக் கட்சி?

(பேர் வேண்டாம்)

வணக்கம்ங்க,

நான் உங்க மாமியார் கட்சி. ஆனா அதுக்கு வர்றதுக்குள்ள மத்தவங்களுக்கும் பதில் சொல்லிடறேன், இல்லன்னா உங்க வீட்டுக்காரர் கோச்சுக்குவார்.

அவர்கிட்ட சொல்லுங்க, அவருக்குத் துணை இருக்கு. டைரக்டர் பில்லி வைல்டர் முதல்ல எடுத்த ஆரம்பமே வேற. ஒரு பிணவறை, அங்க படுத்திருக்கிற பிணமெல்லாம் நீ எப்படிச் செத்த நான் எப்படிச் செத்தேன்னு ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். ரிலீஸுக்கு முன்னாடி இல்லினாய்ல எவன்ஸ்டன்ங்கிற ஊர்ல போட்டுக் காட்டினப்போ ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சிட்டாங்க. மொத்தத்தையும் தூக்கிட்டு நீச்சல் குளத்துல மிதக்கிற பிணத்தை வச்சாரு. செத்தவன் குரலை மட்டும் விடல. எனக்கு அது ஏமாத்தா தெரியல, ஜோ கில்லிஸ் உயிரோட இருந்தவரைக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்துல சொன்னதே இல்ல, செத்தப்புறம்தான் முழுசா வாய் திறக்கிறான், அந்த ஆளுக்கு அது பொருத்தமாத்தான் இருக்கு.

தங்கச்சி சொல்றதுல பாதி சரி. நார்மாவா நடிச்ச க்ளோரியா ஸ்வான்சன் கண்ணை உருட்டறாங்க, விரலைப் பருந்து நகம் மாதிரி வளைக்கிறாங்க, எல்லாம் உண்மை. அது நார்மா டெஸ்மண்டுக்கு வீட்லயும் கேமராவை மறக்கத் தெரியாததால வர்றது, ஊமைப் படத்துல முகம்தான் வசனம் இல்லையா. அதே ஸ்வான்சன் நடுவுல மீசை ஒட்டிக்கிட்டு சாப்ளின் மாதிரி பண்ணிக் காட்டுவாங்களே, அதை மறுபடி பாக்கச் சொல்லுங்க, எவ்வளவு லேசா இருக்கு பாருங்க. அடக்கி வாசிக்கத் தெரியாம பண்ணல. இன்னொண்ணு, பேசும் படம் வந்ததும் ஸ்வான்சன் கதை முடிஞ்சதுன்னு நிறைய பேரு நினைச்சுக்கிறாங்க, தப்பு. 1929ல வந்த அவங்க முதல் பேசும் படம் 'தி ட்ரெஸ்பாஸர்' நல்லா ஓடுச்சு, ஆஸ்கார் நாமினேஷனும் கிடைச்சுது. வைல்டர் கூப்பிட்டப்போ அவங்க நியூயார்க்ல டிவி நிகழ்ச்சி பண்ணிட்டு பொழப்பைப் பார்த்துட்டு இருந்தாங்க, குகைக்குள்ள ஒண்ணும் உட்காந்திருக்கல.

இப்ப உங்க கோவம். அது நியாயமானதுன்னுதான் நான் சொல்லுவேன், ஆனா படத்து மேல வர வேண்டிய கோவமான்னு யோசிங்க. நார்மா ஸ்டுடியோவுக்குப் போறப்போ அங்க டைரக்டர் செசில் பி. டிமில் 'சாம்சன் அண்ட் டிலைலா' ஷூட்டிங்ல இருக்காரு, நெஜ டிமில், அவரே அவரா நடிக்கிறாரு. அப்ப அவருக்கு 67 வயசுங்க! ஸ்வான்சனுக்கு 50. 67 வயசு ஆம்பளை பூட்ஸ் மாட்டிக்கிட்டு நூத்துக்கணக்கான பேரை மேய்ச்சுட்டு இருக்காரு, அவரை யாரும் காலம் போனவர்னு சொல்லல. அவர் டைரக்ட் பண்ணி ஸ்டார் ஆன பொண்ணு அந்தக் காலத்து ஆளாம். (நெஜத்துலயும் அப்படித்தான், ஸ்வான்சனை வளர்த்துவிட்ட படங்கள்ல 1919ல வந்த 'மேல் அண்ட் ஃபீமேல்' உட்பட பல படம் டிமில் எடுத்ததுதான்.) வைல்டர் ரெண்டு பேரையும் ஒரே ஃபிரேம்ல நிக்க வச்சிட்டு ஒரு வார்த்தை பேசாம நகர்ந்துடறாரு.

அந்த ஸ்டுடியோ சீனைத்தான் நான் திருப்பித் திருப்பிப் பாக்குறேன். டிமில் நாற்காலியில நார்மாவை உட்கார வச்சிட்டு ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் போவாரு. மேல தொங்கற மைக் ஒண்ணு நகர்ந்து வந்து அவங்க தொப்பி இறகை உரசும், நார்மா ஈ விரட்டற மாதிரி அதைத் தள்ளி விடுவாங்க. சத்தம் சினிமாவுக்குள்ள வந்த கதை மொத்தமும் அவ்வளவுதான், ஒரு கை அசைவு. உடனே மேல இருந்து ஒரு பழைய லைட்மேன் அடையாளம் கண்டுகிட்டு விளக்கைத் திருப்பி அவங்க மேல அடிப்பாரு, ஜனங்க கூடிடுவாங்க. அத்தனை பேரும் நல்லவங்க, அத்தனை பேரும் அன்பாத்தான் நடந்துக்கிறாங்க. ஆனா நார்மாவுக்கு ஸ்டுடியோல இருந்து போன் வந்துட்டே இருந்தது அவங்க எழுதி அனுப்பின கதைக்காக இல்ல, அவங்க பழைய காரை வாடகைக்குக் கேட்டு. அது டிமிலுக்குத் தெரியும், சொல்லல. டிரைவர் மேக்ஸுக்குத் தெரிஞ்சுடுது, சொல்லல. ஜோவுக்கும் தெரிஞ்சுடுது, அவனும் சொல்லல. அந்தம்மா வீட்டுக்கு வந்து கேமராவுக்குத் தயாராகணும்னு முகத்துல பட்டை கட்டிக்கிட்டு உட்காந்திருக்காங்க.

கடைசில ஜோ ஒருத்தன்தான் எல்லாத்தையும் சேர்த்துச் சொல்றான், நார்மாவுக்கு வந்த ரசிகர் கடிதமெல்லாம் மேக்ஸ் எழுதினது, ஸ்டுடியோவுக்கு வேணுங்கறது கார் மட்டும்தான்னு. அவனைத்தான் நார்மா சுட்டுடறாங்க. இத்தனை வருஷமா அன்பா இருந்தவங்க எல்லாம் சேர்ந்து கட்டின வீடு அது, அவன் மேல இடிஞ்சு விழுந்துச்சு.

சரி, உங்க மாமியார் விஷயம். மேக்ஸா வர்ற எரிக் வான் ஸ்ட்ரோஹைம் ஊமைப் பட காலத்துல பெரிய டைரக்டர். நார்மா வீட்டு ஹால்ல ஒரு பழைய படம் ஓடுதே, அது நெஜப் படம், 'குயின் கெல்லி', நடிச்சது ஸ்வான்சன், எடுத்தது ஸ்ட்ரோஹைம். தயாரிப்புல ஸ்வான்சனுக்கும் பங்கு உண்டு, செலவும் பிரச்சினையும் ஏறி பாதியில அவரை நிறுத்திட்டாங்க. 20 வருஷம் கழிச்சு அதே மனுஷன் அதே அம்மாவுக்கு வேலைக்காரனா நின்னு அதே படத்தை புரொஜக்டர்ல ஓட்டிக் காட்டறாரு! இதுக்கு எப்படி ஒத்துக்கிட்டார்னு எனக்கு இன்னும் ஆச்சரியம். (டிரைவர்னு சொன்னீங்க இல்ல, அவருக்கு கார் ஓட்டவே தெரியாது, காரை இழுத்துக்கிட்டுப் போய்த்தான் எடுத்தாங்க.) கடைசில போலீஸ், நியூஸ்ரீல் கேமரா எல்லாம் நிக்கறப்போ அவர் இதெல்லாம் ஷூட்டிங்னு நார்மாவை நம்ப வச்சு, லைட்டெல்லாம் ரெடியான்னு கேட்டுட்டு ஆக்‌ஷன் சொல்றாரே, அது அவர் சொல்ற கடைசிப் பொய், அவருக்கு மறுபடி கிடைச்ச ஒரே ஷாட்டும் அதுதான். உங்க மாமியாருக்கு இந்த வரலாறு ஒண்ணும் தெரியாது, அந்த மூஞ்சியைப் பார்த்தே புரிஞ்சுகிட்டாங்க. இங்கிலீஷ் தெரியாதது நல்லதாப் போச்சு, வசனத்துல மயங்காம முகத்தைப் பார்த்திருக்காங்க.

ஆஸ்கார் கேட்பீங்க. 11 நாமினேஷன், 3 கிடைச்சுது, திரைக்கதை, கலை, இசை. ஸ்வான்சனுக்கு இல்ல, ஜூடி ஹாலிடேங்கிற நடிகைக்குப் போயிடுச்சு.

இன்னொரு தடவை பார்த்தீங்கன்னா அந்தச் சீட்டாட்ட மேஜையை விட்டுடாதீங்க. நார்மாவோட உட்காந்திருக்கற மூணு பேரும் நெஜமாவே ஊமைப் பட நட்சத்திரங்க, அதுல சிரிப்பே இல்லாம ஒருத்தர் "பாஸ்"னு மட்டும் சொல்லுவாரு பாருங்க, அவர்தான் பஸ்டர் கீட்டன். அடுத்த ஞாயித்துக்கிழமை மாமியாருக்கு அவரோட 'தி ஜெனரல்' போட்டுக் காட்டுங்க. 1926ல வந்த ஊமைப் படம், நடுவுல வர்ற எழுத்தை மட்டும் நீங்க படிச்சுச் சொன்னாப் போதும். ரயில் வர்ற இடத்துல சத்தமா சிரிப்பாங்க, என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.