புழு எண்ணும் படிப்புக்கு வேலை கிடைக்குமா?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் மருத்துவம் வேண்டாம், பூச்சியியல் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். புழுவைப் பிடித்துக்கொண்டு எங்கே வேலைக்குப் போவாள் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை இருக்கிறது. ஆனால் எந்த இளநிலைப் பட்டத்தின் வழியாக அங்கே போகிறாள் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். அந்த முடிவை இந்த விண்ணப்பப் பருவத்திலேயே எடுத்தாக வேண்டும்.

வழி இரண்டு. ஒன்று, நான்கு வருட பி.எஸ்சி. (ஹானர்ஸ்) வேளாண்மை, பிறகு இரண்டு வருட எம்.எஸ்சி. (வேளாண்மை) பூச்சியியல், அதன்பின் பிஎச்.டி. மற்றொன்று, பி.எஸ்சி. விலங்கியல், எம்.எஸ்சி. விலங்கியல், சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசிய ஆராய்ச்சித் தகுதித் தேர்வு. "மார்க் குறைந்தால் விலங்கியலில் சேரட்டும், எம்.எஸ்சி.யில் வேளாண்மைக்கு மாறிக்கொள்ளலாம்" என்று உறவினர் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பூச்சியியலுக்கு வேளாண் இளநிலைப் பட்டம் கேட்பார்கள். டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர் பணிக்கும் அதே பட்டம்தான். விலங்கியல் வழியில் போனால் பூச்சி வகைப்பாடு, மரபணு ஆய்வு, கலை அறிவியல் கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவை திறந்திருக்கும். சென்னை லயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனம் அந்த வழியில் வருபவர்களுக்கு நல்ல இடம். வயலில் பூச்சியைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சிதான் அவளுக்கு ஆசை என்றால் வேளாண்மைப் பட்டமே சரி. அதற்கு நீட் தேவையில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். தனியார் கல்லூரி என்றால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத பட்டம், பிற மாநிலங்களில் முதுகலை சேரும்போது இடைஞ்சலாகலாம்.

இனி அந்த வேலை என்ன என்பதைச் சொல்கிறேன். அந்துப்பூச்சி பயிரைத் தின்பதில்லை, தின்பது அதன் புழு. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான மக்காச்சோளப் படைப்புழு, 2016இல் ஆப்பிரிக்காவிலும் 2018இல் கர்நாடகத்திலும் கண்டறியப்பட்டது. அதே வருடம் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் பிடித்துக்கொண்டது. ஒரு தாய் அந்து ஆயிரம் முட்டைக்கு மேல் இடும், அதுவும் குவியல் குவியலாக. புழு ஆறு வளர்ச்சிப் பருவங்களைக் கடக்கும். சிறு புழுவாக இலையைச் சுரண்டும்போது மருந்து எட்டும். பெரிதானபின் குருத்துக்குள் இறங்கித் தன் எச்சத்தாலேயே குருத்தின் வாயை அடைத்துக்கொள்ளும். அப்போது என்ன தெளித்தாலும் பணம்தான் போகும். எந்த வாரத்தில், எத்தனை செடியில் சேதம் தெரிந்தால் தெளிப்பது என்று எண்ணிச் சொல்வது பூச்சியியலாரின் வேலை. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, கண்காணிப்புக்கு ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி (பெண் அந்தின் வாசனையால் ஆண் அந்தை இழுப்பது) என்று விவசாயி கையில் கிடைக்கும் ஒவ்வொரு எண்ணும் அப்படி வயலில் எண்ணி வந்ததே.

ஆய்வகத்துக்குள் இன்னொரு உலகம். பயிர்ப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவியைப் பெருக்க, சேமிப்பு தானியத்தைக் கெடுக்கும் கார்சிரா அந்துப்பூச்சியை வளர்க்க வேண்டும். ஒரு பூச்சியை ஒழிக்க இன்னொரு பூச்சியைச் சோறு போட்டு வளர்ப்பது. இரண்டரை கிலோ உடைத்த கம்பைச் சூட்டில் கிருமி நீக்கி, ஆறவைத்து, 100 கிராம் நிலக்கடலைப் பொடி, 5 கிராம் ஈஸ்ட், 5 கிராம் நனையும் கந்தகம் கலந்து பேசினில் போட்டு, அரை சிசி கார்சிரா முட்டையைத் தூவி, காடாத் துணியால் மூடுவார்கள். ஏறக்குறைய நாற்பது நாளில் அந்து வெளிவரும். அதன் முட்டையைப் புற ஊதா விளக்கில் காட்டிக் கருவை அழித்து, அட்டையில் ஒட்டி, குளவிக்குக் கொடுப்பார்கள். ஒட்டுண்ணி ஏறிய முட்டை மூன்று நான்கு நாளில் கறுக்கும். கந்தகத்தை விட்டுவிட்டால் பேசினில் சிலந்திப் பேன் பெருகும். துணியில் ஓட்டை இருந்தால் பிராக்கான் குளவி நுழைந்து வளர்ப்புப் புழுவையே கொன்றுவிடும். பேசின் வைத்த மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தாவிட்டால் எறும்பு ஏறும். பச்சைக் காய்ப்புழுவை வளர்ப்பது இன்னும் தொல்லை: ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் ஒவ்வொரு புழுவுக்கும் தனி அறை வேண்டும்.

நீங்கள் கேட்க மறந்த ஒன்று, உடல்நலம். அந்துப்பூச்சியின் இறகுச் செதில் காற்றில் பறக்கும். கார்சிரா அறையில் தொடர்ந்து வேலை பார்ப்பவர்களுக்குத் தும்மல், தோல் அரிப்பு, சிலருக்கு ஆஸ்துமாவே வரும். உங்கள் மகளுக்கு ஏற்கெனவே வீசிங் இருந்தால், பூச்சி வளர்ப்பு சாராத பிரிவைப் பற்றி இப்போதே யோசிப்பது நல்லது. முகக்கவசமும் காற்றுறிஞ்சியும் இல்லாத வளர்ப்பு அறையை எந்த நிறுவனம் காட்டினாலும் அங்கே சேர்க்காதீர்கள்.

இந்த ஆராய்ச்சிக்குத் தேவை வற்றுமா என்பதும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. வற்றாது. 2002இல், புழுவைக் கொல்லும் நச்சுப்புரதத்தைத் தானே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்தி வந்தபோது காய்ப்புழுக்களின் கதை முடிந்தது என்றார்கள். எட்டே வருடத்தில் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதன் முதல் நச்சுப்புரதத்தைத் தாங்கி நின்றது உறுதியானது. விதையோடு கொடுத்த சாதாரணப் பருத்தியைப் பலர் வரப்போரம் நடவில்லை. அதை நட்டிருந்தால் எதிர்ப்பில்லாத அந்துகள் மிஞ்சி, எதிர்ப்புள்ளவற்றோடு கலந்திருக்கும். அமெரிக்காவில் பி.டி. பருத்தியோடு மலட்டு அந்துகளைப் பறக்கவிட்டு 2018இல் அதே பூச்சியை ஒழித்ததாக அறிவித்தார்கள். பூச்சி ஒன்றுதான், நிர்வாகம் வேறு. மருந்து எதிர்ப்பைக் கண்டறிய, ஐந்தாறு செறிவுகளில் இலையை நனைத்து, உலர்த்தி, புழுவை விட்டு, 72 மணி நேரம் கழித்துச் செத்தது எத்தனை என்று எண்ணுவார்கள். வெறும் தண்ணீரில் நனைத்த இலையிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செத்தால் மொத்தச் சோதனையும் வீண், மறுபடி முதலிலிருந்து.

பணம்: பிஎச்.டி. செய்வோருக்கான ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும், இரண்டு வருடம் கழித்து 42,000. திட்டப் பணிகள் தற்காலிகமானவை, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நிரந்தர ஆராய்ச்சிப் பதவிக்கு முப்பது வயதை நெருங்கலாம், அதுவரை வீட்டில் பொறுமை வேண்டும். அவ்வளவு காத்திருக்க முடியாதென்றால் எம்.எஸ்சி.யோடு விதை, பூச்சிமருந்து நிறுவனங்களின் களச்சோதனைப் பிரிவு, உயிரியல் இடுபொருள் உற்பத்திக்கூடம், கிடங்குப் புகைமூட்டம் (நச்சுவாயுவால் கிடங்குப் பூச்சியைக் கொல்வது) என்று போகலாம். புகைமூட்டத்துக்கு அரசு அங்கீகரித்த தனிப் பயிற்சி கட்டாயம். ஹைதராபாத்தின் தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனத்தில் தருகிறார்கள்.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். பக்கத்து மக்காச்சோள வயலில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, ஓரத்து வரிசைகளை விட்டு உள்ளே போய், ஐந்து இடத்தில் இருபது செடி வீதம் நூறு செடியின் குருத்தை அவள் பார்க்கட்டும். சுரண்டிய இலை, முட்டைக்குவியல், புதிய எச்சம் மூன்றையும் தனித்தனியே எழுதட்டும். வாரம் ஒருமுறை, நான்கு வாரம். முதல் வாரம் எல்லாருக்கும் பிடிக்கும். நான்காம் வாரத்து நோட்டில் தேதி, நேரம், வானிலை உட்பட எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தால் தயங்காமல் வேளாண்மைக்கு விண்ணப்பம் போடுங்கள். பாதியில் நின்றிருந்தால், பூச்சிப் புகைப்படம் எடுப்பதில் ஆசையா, ஆராய்ச்சியில் ஆசையா என்று அவளிடமே கேளுங்கள்.