தனுஷ்கோடி ரோடு முடியும் அரிச்சல்முனையில் கடல் ரோட்டுக்கு ஏறுவது ஏன்? மதுரைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வில்லாபுரம்): அண்ணே, மே லீவுக்கு தனுஷ்கோடி போறோம். காத்தும் இல்ல, மழையும் இல்ல, ஆனா கடல் ஊருக்குள்ள வந்துருச்சுன்னு டிவியில காட்டுறாங்களே, எப்படி?

பதில்: அதைத்தான் மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயற்காற்று எழுப்பிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்து, சில நாள் கழித்து நம் கரையில் ஏறும். இங்கே வானம் தெளிந்தே இருக்கும். தனுஷ்கோடியில் தெற்கே ஆண்கடல் பக்கம், மன்னார் வளைகுடாப் பக்கம், அதிகக் கவனம் வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) முன்கூட்டியே எச்சரிக்கை விடும். அந்த நாளில் பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம்கூட விடாதீர்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது.

கேள்வி (திருமங்கலம்): ரோட்டுல மணலும் வந்து மூடுது. பெருசா ஒரு சுவர் கட்டுனா தீராதா?

பதில்: தீராது, இன்னும் கெடும் என்பேன். சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலை அரித்துக்கொண்டு போகும். இரண்டு கடலுக்கு நடுவே கிடக்கும் மணல்திட்டு ஓரிடத்தில் நிற்பதில்லை. பெரிய அலை மேட்டைத் தாண்டும்போது முன்பக்கத்து மணலை வாரிப் பின்பக்கம் கொட்டுகிறது. முன்னே தேய்ந்து, பின்னே வளர்ந்துதான் திட்டு பிழைக்கிறது. அமெரிக்காவின் ஹாட்டரஸ் தீவிலும் இதே கதை. அங்கே 12-ம் எண் சாலை புயலுக்குப் புயல் மணலில் புதைகிறது. அந்தத் தீவின் கலங்கரை விளக்கத்துக்குச் சுவர் கட்டும் யோசனையைக் கைவிட்டு, 1999-ல் அதை அப்படியே சுமார் 880 மீட்டர் தள்ளி நகர்த்தினார்கள். நமக்கு அரண் மணல்மேடும், அதைப் பிடித்து வைத்திருக்கும் ராவணன் மீசைப் புல்லும் அடும்புக் கொடியும்தான். செல்ஃபிக்காக அந்த மேட்டில் வண்டி ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கேள்வி (மேலூர்): 1964-ல வந்ததும் கள்ளக்கடல்தானா?

பதில்: இல்லை. அது புயல் தள்ளிக்கொண்டு வந்த கடல். டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயிலே நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு அழிந்தது. பிறகு தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. கள்ளக்கடலுக்கு அந்த வேகம் கிடையாது.

கேள்வி (ஆனையூர்): ரோட்டை மேவித் தண்ணி ஓடுனா காரை மெதுவா ஓட்டிரலாமா சார்?

பதில்: வேண்டாம். அடியில் ரோடு எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாது, வடியும்வரை பொறுங்கள். உப்புத்தண்ணீர் பட்டுவிட்டால் மதுரை வரும்வரை வைத்திருக்காமல் ராமநாதபுரத்திலேயே வாட்டர் சர்வீஸ் விட்டு, வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.