தள்ளித் தள்ளி வரும் டைமண்ட்: நூலை இழுத்துப் போகலாமா?

கேள்வி: மகனுக்கு நேவி ப்ளூ உல்லன் நூலில் ஸ்வெட்டர் பின்னுகிறேன். 9 கண்ணி அகலத்தில் மஞ்சள் டைமண்டுகள், நடுவில் 20 கண்ணி இடைவெளி. மஞ்சள் நூலை உள்பக்கமாகவே கொண்டுபோனால் துணி சுருங்குகிறது, போடும்போது விரல் மாட்டுகிறது. 5 கண்ணிக்கு ஒருமுறை நீல நூலோடு பிணைத்தால் மஞ்சள் வெளியே புள்ளியாகத் தெரிகிறது. என்ன வழி?

பதில்: இவ்வளவு தூரத்துக்கு நூலை இழுத்துப் போகாதீர்கள். 10 செ.மீ.க்கு 22 கண்ணி விழும் நூலில் 20 கண்ணி என்பது 9 செ.மீ. கண்ணிகள் விரிந்து கொடுக்கும். பின்னால் நேராக ஓடும் நூல் கொடுக்காது. சுருக்கம் அதனால்தான். பிணைத்தாலும் அந்த வரிசைகள் மட்டும் தடித்துப்போகும். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் பிறந்த ஃபேர் ஐல் பின்னலில் இரண்டு நிறமும் சில கண்ணிகளுக்கு ஒருமுறை மாறி மாறி வரும். அங்கே நூலை இழுத்துப் போகும் முறை அழகாக உட்காரும், உங்கள் டிசைனுக்கு உட்காராது.

ஒவ்வொரு டைமண்டுக்கும் தனி நூல் வையுங்கள். 1, 3, 5, 7, 9 என ஏறி, அதேபோல் இறங்கினால் மொத்தம் 41 கண்ணி. இரு முனைக்கும் 15 செ.மீ. விட்டால், 1 மீட்டர் துண்டு போதும். பாபினில் சுற்றாமல் தொங்கவிடுங்கள்; சிக்கினாலும் உருவி எடுத்துவிடலாம். நீல நூல் மட்டும் ஒரே உருண்டையிலிருந்து டைமண்டின் பின்னால் தளர்வாகக் கடந்து போகட்டும். கடக்கும் முன் வலது ஊசியில் உள்ள கண்ணிகளை நன்றாகப் பரப்பிவிடுங்கள், இதில்தான் பலர் தவறுகிறார்கள். 7, 9 கண்ணி வரும் வரிசைகளில் மட்டும் நடுவில் ஒருமுறை பிணைத்தால் போதும். அடுத்தடுத்த வரிசைகளில் ஒரே இடத்தில் பிணைத்தால் கோடு விழும்.

மோட்டிஃப் 15 கண்ணியைத் தாண்டினால் நீலத்துக்கும் இருபுறமும் தனித்தனி உருண்டை வேண்டும். இதுதான் இன்டார்சியா. நிறம் மாறும் இடத்தில் முடித்த நூலை மேலே போட்டு, புது நூலை அதன் அடியிலிருந்து எடுங்கள். போகும் வரிசை, திரும்பும் வரிசை இரண்டிலும் இதைச் செய்யாவிட்டால் அங்கே ஓட்டை விழும்.

ஏற்கெனவே இறுகிய பகுதி துவைத்தாலும் சரியாகாது. பிரித்துப் பின்னுவதே நல்லது.

கேள்வி: வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னுகிறேன். தனி நூல் முறை எனக்கும் வருமா?

பதில்: வராது. ஒரு சுற்றில் டைமண்டைப் பின்னி முடிக்கும்போது மஞ்சள் நூல் அதன் இடது ஓரத்தில் நிற்கும். அடுத்த சுற்றிலோ வலது ஓரத்தில் தேவைப்படும். முழு ஸ்வெட்டரையும் நீலத்திலேயே முடித்து, அலசிக் காயவைத்த பிறகு டைமண்டைக் கண்ணி மேல் தையுங்கள். மழுங்கிய முனை கொண்ட ஊசியை 'வி' வடிவக் கண்ணியின் அடியில் வெளியே எடுத்து, மேல் கண்ணியின் இரு கால்களுக்கும் பின்னால் நுழைத்து, புறப்பட்ட இடத்திலேயே இறக்குங்கள். கீழ் வரிசையிலிருந்து மேலே போங்கள். மஞ்சள் நூல் நீலத்தின் அதே தடிமனில் இருக்கட்டும். மெலிந்தால் அடியிலுள்ள நீலம் எட்டிப் பார்க்கும். பெரிய படங்களுக்கு இது வேண்டாம், துணி விறைத்துவிடும்.