மறுமொழி: ஈசிஆர் பாஸ்போர்ட்டில் விசிட் விசா, குவைத் வேலை

தம்பி பத்தாவது முடிக்காததால் ஈசிஆர் பாஸ்போர்ட் (குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை என்று குறித்த பாஸ்போர்ட்), ஏஜென்ட் விசிட் விசாவில் குவைத் அனுப்புகிறேன் என்கிறார், ஏர்போர்ட்டில் 'செட்டிங்' இருக்கிறதாம், 1,20,000 ரூபாய் கேட்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பாதீர்கள்.

ஈசிஆர் பாஸ்போர்ட்டில் குவைத் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு வேண்டாம். அந்த ஓட்டையில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது. விசிட் விசாவை மட்டும் காட்டு, வேலை விசாவைப் பெட்டிக்குள் மறைத்து வை, நான் சொல்லும் கவுன்ட்டருக்கே போ, கேட்டால் மாமாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல் என்பார்கள். கவுன்ட்டரில் ஆள் மாறியிருந்தால் மாட்டுவது தம்பிதான். ஏஜென்ட்டின் போன் அதற்குள் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும். சரி, தாண்டிப் போய்விட்டான் என்றே வைத்துக்கொள்வோம். முறைப்படி பதிவான ஒப்பந்தம் கையில் இருக்காது, சம்பளம் நின்றால் எதைக் காட்டுவான்?

அப்புறம், போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து பாஸ்போர்ட்டில் ஈசிஆரை நீக்கித் தருகிறேன் என்று ஆரம்பித்தால் இன்னும் மோசம். 1967 பாஸ்போர்ட் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, அதுவும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு.

ஏஜென்ட்டின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். உரிமம் உள்ளவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். முன்பணம் கொடுத்தாயிற்று என்றால் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் சென்னையில் உள்ள மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.