ரோபோ முகாமா, கோச்சிங்கா?

வணக்கம். மகள் பத்தாவது எழுதியிருக்கிறாள். பள்ளி மாணவர்களுக்கான பொறியியல் வடிவமைப்புக் கோடை முகாமில் சேர ஆசைப்படுகிறாள். பத்து நாள், 15,000 ரூபாய். கிட் தருவார்கள், கோட்டின்மேல் ஓடும் ரோபோ ஒன்றைச் செய்து வீட்டுக்கு எடுத்துவரலாம், சான்றிதழும் உண்டு. அவள் அப்பா அந்தப் பணத்தை ஜேஇஇ கோச்சிங்கில் கட்டலாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் சான்றிதழை மறந்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு பார்ப்பது பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை, 200க்குப் போடும் கட்ஆஃபை.

அப்புறம் அந்த கிட். கையேட்டில் சொன்னபடி மாட்டினால் ரோபோ ஓடும், சரி, ஆனால் வடிவமைப்பை வேறு யாரோ ஏற்கெனவே முடித்துவிட்டார்கள், உங்கள் மகளுக்கு விட்டுவைத்தது ஸ்குரூ முடுக்குகிற வேலை மட்டும்.

வடிவமைப்பைப் பிள்ளைகளிடமே விட்டால் எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்கு ஒரு கோடைப் பொறியியல் வகுப்பு நடத்துகிறது. அதில் பெயர்பெற்றது ஸ்பகெட்டிப் பாலப் போட்டி. ஸ்பகெட்டியையும் (வேகவைக்காத, குச்சி போன்ற இத்தாலிய நூடுல்ஸ்) பசையையும் வைத்துப் பாலம் கட்டி, அது உடையும்வரை எடை ஏற்றுவார்கள். ஒரு ஸ்பகெட்டிக் குச்சியை இழுத்துப் பாருங்கள், நன்றாகத் தாங்கும். இரு முனையிலும் அழுத்தினால் நடுவில் வளைந்து பட்டென்று ஒடியும். நீளத்தைப் பாதியாக்கினால் வளையாமல் தாங்கும் சுமை நான்கு மடங்காகும் என்று கணித மேதை ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டுவிட்டார். அதனால் விவரமான பிள்ளைகள் அழுத்தம் வரும் இடத்தில் குச்சிகளைக் குட்டையாக்கி, கட்டாகச் சேர்த்து ஒட்டுவார்கள், இழுவிசை வரும் இடத்தில் மெலிதாக விட்டு எடையை மிச்சம்பிடிப்பார்கள். 2009இல் கனடாவில் நடந்த போட்டியில் ஹங்கேரி மாணவர்களின் பாலம், அதன் எடை ஒரு கிலோகூட இல்லை, 440 கிலோவுக்கு மேல் தாங்கியது!

ஆகவே முகாம்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: முதலில் செய்தது உடைந்தால், மாற்றி யோசித்து மறுபடி செய்ய எத்தனை நாள் தருவீர்கள்? 'எங்கள் மாடல் உடையவே உடையாது' என்று பெருமையாகச் சொன்னால் பணத்தைக் கட்டாதீர்கள். (அதற்காக அதைக் கோச்சிங்கில்தான் கட்டவேண்டும் என்றில்லை. ஜேஇஇக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, பத்து நாளில் ஒன்றும் குடிமுழுகிவிடாது.)

பக்கத்துப் பள்ளிகளில் அடல் டிங்கரிங் லேப், அதாவது பிள்ளைகள் தாங்களே யோசித்துப் பொருள்களைச் செய்துபார்க்கும் கூடம், இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 2016இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம், பள்ளிக்கு 20 லட்சம் வரை மானியம், ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது.

ஒன்றும் அமையாவிட்டால் ஐஸ் குச்சியும் ஃபெவிகாலும் போதும். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பாலத்தை வைத்து, கீழே வாளியைத் தொங்கவிட்டு, லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், ஒரு லிட்டர் ஒரு கிலோ, தராசே வேண்டாம். எங்கே முதலில் ஒடிகிறது என்பதைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளட்டும். ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் பசை விட்டுக்கொடுத்ததா பாலம் விட்டுக்கொடுத்ததா என்றே தெரியாது.