வரிதான் பூஜ்ஜியம், பதிவு அப்படியே: துப்பாக்கிக் கேள்வி-பதில்

அமெரிக்காவில் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்று எழுதாமல் "இது சட்டப்படி சரியா?" என்று மட்டும் கேட்டவர்களின் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன். மாநிலம் தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

பம்ப் ஸ்டாக் (ரைஃபிளை மெஷின் கன் போல வேகமாகச் சுடவைக்கும் இணைப்பு) தடையை உச்ச நீதிமன்றமே நீக்கிவிட்டதே, இனி வாங்கலாமா? (கலிபோர்னியா)

கூடாது. 2024 ஜூனில் கார்கில் வழக்கில் விழுந்தது ஃபெடரல் ஆயுதத் துறையான ஏடிஎஃப் போட்ட விதி மட்டும்தான். உங்கள் மாநிலத் தடை மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை.

பிரேஸ் விதி ரத்தாகிவிட்டது. 10.5 அங்குல பேரல் (குழல்) உள்ள என் ஏஆர் பிஸ்டலில் ஸ்டாக் மாட்டிக்கொள்ளலாமா? (ஜார்ஜியா)

பிரேஸ் வேறு, ஸ்டாக் வேறு. பிரேஸ் முன்கையில் கட்டிக்கொள்வது, ஸ்டாக் தோளில் வைத்துச் சுடுவது. பிரேஸ் மாட்டிய பிஸ்டல் பலவற்றையும் குட்டை ரைஃபிளாகக் கணக்கிட்ட 2023 விதியை 2024 ஜூனில் டெக்சாஸ் ஃபெடரல் நீதிமன்றம் ரத்து செய்தது. பிரேஸ் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஸ்டாக்கை மாட்டிய நிமிடமே அது 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரல் உள்ள ரைஃபிள், அதாவது எஸ்பிஆர் (குட்டை ரைஃபிள்). முதலில் ஃபார்ம் 1 (அதைச் செய்துகொள்ள ஏடிஎஃப்பிடம் அனுமதி கேட்கும் விண்ணப்பம்), அது பாஸானபின் ஸ்டாக். வரிசையை மாற்றினால் பத்து வருடம் வரை சிறை.

2026 முதல் சைலன்சருக்கு வரி இல்லையாமே. பணத்தைக் கட்டிவிட்டுக் கையோடு எடுத்து வரலாம்தானே? (டல்லாஸ், ஹூஸ்டன், இன்னும் பல ஊர்கள்)

முடியாது, முடியாது, முடியாது. 1934 முதல் இருந்த 200 டாலர் வரியை 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் 2026 ஜனவரி 1 முதல் பூஜ்ஜியமாக்கியது. சைலன்சர், குட்டை ரைஃபிள், குட்டை ஷாட்கன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மெஷின் கன்னுக்கு 200 டாலர் அப்படியே. சட்டம் எடுத்தது வரியை, பதிவை அல்ல. ஃபார்ம் 4 (உங்கள் பெயருக்கு மாற்றும் விண்ணப்பம்), விரல்ரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை எல்லாம் பழையபடியே. வரியே இல்லாதபோது பதிவு எதற்கு என்று சிலர் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் வாதாடட்டும், நீங்கள் ஃபார்மை நிரப்புங்கள்.

ஒப்புதல் வரும்வரை பொருள் டீலரின் பெட்டகத்தில்தான் இருக்கும். பணம் கட்டியாயிற்றே என்று அவரிடம் சண்டை போடாதீர்கள். எடுத்துக் கொடுத்தால் அவர் உரிமம் போகும், உங்கள் சுதந்திரம் போகும்.

நம்மவர்களுக்குப் பெரிய தொல்லை பெயர். ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், ஃபார்மில் வெறும் இனிஷியல் போட்டிருப்பார்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். டிரஸ்ட் பெயரில் வாங்கினால் ஒவ்வொரு பொறுப்பாளரும் தனித்தனியாக விரல்ரேகையும் படமும் கொடுக்க வேண்டும். மனைவியைப் பொறுப்பாளராகச் சேர்த்துவிட்டு அவர் ரேகையை அனுப்ப மறந்தால் விண்ணப்பம் நிற்கும். நியூயார்க், நியூ ஜெர்சி, கலிபோர்னியா, இல்லினாய் உட்பட எட்டு மாநிலங்களில் சைலன்சருக்கு எந்த ஃபார்மும் உதவாது. மாநிலச் சட்டம் தனி.

14.5 அங்குல பேரலில் நீளமான மசில் பிரேக் (பேரல் வாயில் மாட்டும் துணைப்பாகம்) மாட்டினால் 16 கணக்காகுமா?

பிரேக்கைத் திருகி மட்டும் வைத்திருந்தால் ஆகாது, திரெட் பசை போட்டாலும் ஆகாது. பின் அடித்து அதன்மேல் வெல்டிங் வைப்பது போல, கழற்ற முடியாதபடி நிரந்தரமாகப் பொருத்தினால்தான் சேரும். அளக்கும் முறை: மேகசினை (தோட்டாப் பெட்டியை) எடுத்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்து, அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்டை மூடுங்கள். மரக்குச்சி ஒன்றைப் பேரல் வாயிலிருந்து போல்ட் முகத்தில் முட்டும்வரை விட்டு, வாயருகே கோடு போட்டு, குச்சியை வெளியே எடுத்து அளங்கள். சரியாக 16 வந்தால் நிம்மதி கிடையாது, 16.1-ஆவது இருக்கட்டும். வெளிப்பக்கம் டேப்பை வைத்து அளந்து அனுப்பிய புகைப்படத்துக்கு நன்றி, அதனால் ஒரு பயனும் இல்லை.

எஸ்பிஆரைப் பக்கத்து மாநிலத்துக்கு எடுத்துப் போக?

ஃபார்ம் 20, புறப்படுவதற்கு முன்பே பாஸாகியிருக்க வேண்டும். சைலன்சருக்கு அது தேவையில்லை; போகும் மாநிலத்தில் அது செல்லுமா என்பதுதான் கேள்வி.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பர் ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார். சும்மா சுட்டுப் பார்க்கலாமா?

செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் சுடலாம். இல்லாவிட்டால் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே ஃபெடரல் குற்றம், விசாவும் போகும். உரிமம் காலாவதியானால் விலக்கும் காலாவதி. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

ரேஞ்சுக்குக் கொண்டு போகும் பையையே சென்னைக்கும் எடுத்துப் போகிறேன். துப்பாக்கி இல்லையே, பிரச்சினை வருமா?

வேறு பை வாங்குங்கள். ஓரப் பையின் தையலில் சிக்கிய ஒரே ஒரு .22 தோட்டா எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். மீனம்பாக்கத்தில் பிடிபட்டால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு, தவறிய விமானம், வக்கீல் செலவு. காலி மேகசினும் எடுத்துப் போகாதீர்கள்.